வெயிலில் வைத்த பற்றறி

கலியாணம் முடிந்து சில மாதங்கள் வரை என் கணவர் என்னிடம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியவை. சாப்பிட்டீரோ, என்ன கறி, உறைப்புக் கூடவோ. நானும் அதே அளவில்தான் பதில் சொன்னேன். பேசாத இருவரைச் சேர்த்து வைத்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று பொருத்தம் பார்த்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். அமைதியாகத்தான் இருந்தது.

அவர் பெயர் விதுசன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை. நான் விஞ்ஞானப் பட்டதாரி. வவுனியா நகரில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறேன். நெளுக்குளத்தில் அவருடைய தாயாரோடு இருக்கிறோம். அவர்களுடைய சொந்த ஊர் உடையார்கட்டு. மாமா, அவருடைய தகப்பன், போரின் கடைசி இடப்பெயர்வில் இல்லாமல் போனார். அவருடைய படம் சுவரில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விதுசனிடம் ஏதாவது கேட்டால், "அது பழைய கதை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

எனக்கு அந்தப் பழைய கதைதான் வேண்டியிருந்தது. ஒருவரோடு காலம் முழுக்க வாழப் போகிறேன். அவர் எட்டு வயதில் எதற்குச் சிரித்தார் என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? இரண்டாம் முறை கேட்க எனக்குக் கூச்சம்.

ஒரு மாலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

"இதுகளில எது நல்லம் எண்டு நினைக்கிறீர்?"

மூன்று கார்களின் படங்கள். ரிமோட்டில் ஓடுபவை. ஒன்று நிலத்தோடு படிந்த பந்தயக் கார். இன்னொன்று பெரிய சில்லுகள் வைத்த ட்றக். மூன்றாவது கூரை இல்லாதது, முன் சில்லு மெலிந்தும் பின் சில்லு தடித்தும் இருந்தது.

"ஆருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான்." காது சிவந்துவிட்டது. "பூட்டி முடிச்சதும் கடையில விக்கினம். இது துண்டு துண்டா வாற செற். நாங்களே பூட்டோணும். சும்மாதான் பாக்கிறன்."

அடுப்பை விட்டு வந்து குசினி வாசலில் மாமி நின்றார். அவருக்கு எப்போதும் எல்லாம் கேட்கும்.

"முப்பத்துமூண்டு வயசில கார் விளையாடப் போறாராம், துரை. பேரப்பிள்ளைக்கு எண்டு சொன்னாலும் ஒரு நியாயம் இருக்கு."

"அம்மா, சும்மா இருங்கோ."

"நான் சும்மாதான் நிக்கிறன். பிள்ளை, நீ சொல்லு, எது நல்லம்?"

படங்களின் கீழே இருந்ததை வாசித்தேன். மோட்டர், பற்சில்லு, நிலத்துக்கும் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள உயரம். "எந்த நிலத்தில ஓட விடப்போறியள்?" என்று கேட்டேன். ஆய்வுகூடத்தில் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"மணல்" என்றார் யோசிக்காமல்.

எங்கள் வீட்டு வளவில் மணல் இல்லை. கேற்றிலிருந்து கிணறு வரை கிறவல் கல். அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். நான் அதை எடுத்து மறுபடியும் நிமிர்த்தினேன்.

"மணல் எண்டா மூண்டாவது. பின் சில்லு புதையாது."

அதைத்தான் வாங்கினோம். கொழும்பிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே சிறிய சிறிய பைகளில் ஸ்க்ரூ, அச்சு, பற்சில்லு. படம் படமாக வரைந்த தடித்த புத்தகம் ஒன்று. மாமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "காரை உடைச்செல்லோ அனுப்பியிருக்கிறாங்கள்" என்றார்.

வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் பழைய துணி விரித்து, இருவரும் பூட்டினோம். அவர் ஸ்க்ரூ முறுக்குவார். நான் அடுத்த படத்தைப் பார்த்து உரிய துண்டை எடுத்துக் கொடுப்பேன். அதிர்ச்சி தாங்கும் குழாய்களுக்குள் எண்ணெய் விட்டு, காற்றுக் குமிழ் போகும்வரை தண்டை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். அது எனக்கு வந்தது. அவர் செய்ததில் ஒவ்வொரு முறையும் குமிழ் நின்றது. "உம்மட கைக்கு அவசரமில்லை" என்றார். அந்த வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பேச்சு மேசையை விட்டு வெளியே போகவில்லை. அந்தச் சின்னதை எடும். இது இடமோ வலமோ. இறுக்கினது காணுமோ. ஒளி ஊடுருவும் மேல் ஓட்டுக்கு உட்புறமாக நிறம் அடிக்க வேண்டும். அவர் மஞ்சள் வாங்கி வந்தார்.

"ஏன் மஞ்சள்?"

"சும்மா."

மேல் ஓடு காயும் வரை அவர் அதன் பக்கத்திலேயே இருந்தார். முகத்தில் ஏதோ இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் எழுந்து கை கழுவப் போனார்.

பற்றறியை நான்தான் தேர்ந்தேன். லித்தியம். தட்டையான, சோப்புக் கட்டி அளவு. பாரம் குறைவு, சக்தி கூட. வெள்ளிக்கிழமை மாலை அதைச் சார்ஜ் ஏற மின்னில் போட்டோம்.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டார்.

"பதினைஞ்சு நிமிசம் மட்டில."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் எண்டு போட்டிருக்கு."

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

சனிக்கிழமை வெயில் தணிந்ததும் ஓட விடுவதாக இருந்தது. ஒரு நண்பருடைய வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த மணலைப் பரவி, அதில் ஓட விடலாம் என்று அவர் கேட்டு வைத்திருந்தார். ரிமோட்டுக்குப் போடும் சிறிய பற்றறிகள் வாங்க மோட்டார் சைக்கிளில் நகருக்குப் போனோம். திரும்பி வந்தபோது மேசையில் கார் மட்டும் இருந்தது.

"அம்மா, இதில இருந்த பற்றறி எங்க?"

"வெளியில வச்சிருக்கு."

"வெளியில எங்க?"

"வெயிலுக்கு."

பின்பக்கம் ஓடினோம். கோழிக்கூட்டின் தகரத்தின் மேல் அரிசி புடைக்கும் சுளகு. சுளகில் காயப்போட்ட செத்தல் மிளகாய். மிளகாய்க்கு நடுவில் பற்றறி. அது இப்போது தட்டையாக இல்லை. தலையணை போல ஊதியிருந்தது.

"பதினைஞ்சு நிமிசம்தான் நிக்கும் எண்டு கதைச்சனீங்கள்" என்றார் மாமி பின்னால் வந்து. "நல்லாச் சூடேறினா இன்னும் கொஞ்சம் இழுக்கும்தானே. கை வச்சுப் பாத்தனான். நல்லாப் பொங்கி வந்திருக்கு."

"மாமி, கிட்டப் போகாதேங்கோ. அது வெடிக்கக்கூடும்."

மூவரும் ஒரே கணத்தில் பின்னுக்கு வந்தோம். மாமி என் தோளைப் பிடித்துக் குனிய வைத்தார். தானும் குனிந்தார். எவ்வளவு தூரம், எந்தச் சுவருக்குப் பின்னால் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. கோழி ஒன்று தகரத்தில் ஏறப் பார்த்தது. அதைத் துரத்திவிட்டு நான் குசினியிலிருந்து நீண்ட குறடை எடுத்து வந்தேன். வாளியில் மண் நிரப்பினேன். பற்றறியை அலுங்காமல் தூக்கி உள்ளே வைத்து, மேலேயும் மண் போட்டு, வளவின் மூலைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அவர் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை.

திரும்பி வந்தபோது மாமி பின்படியில் இருந்தார். சுளகு மடியில்.

"நான் ஒண்டும் விளங்காமல் செய்துபோட்டன், தம்பி. ஆசைப்பட்டு வாங்கினது."

அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். எனக்கு அடுத்தது தெரிந்திருந்தது. பரவாயில்லை என்பார். உள்ளே போவார். காரைப் பெட்டியில் வைத்து மூடுவார். பிறகு சாப்பிட்டீரோ, என்ன கறி. மேசையில் விரித்த பழைய துணியை நான் தோய்த்து மடித்து வைப்பேன். இந்தச் சில வாரங்களில் சேர்ந்த கொஞ்சமும் அதோடு போய்விடும்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மூக்கால். பிறகு குரல் வந்தது.

"அம்மா, நீங்கள் இன்னும் அதை மறக்கேல்லையோ?"

"எதையடா?"

"வெயிலுக்கு வைக்கிறதை." என் பக்கம் திரும்பினார். "உமக்குத் தெரியாது. நீர் அப்ப வவுனியாப் பக்கம்."

படியில் தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நின்றபடியே கேட்டேன். நகர்ந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"நோர்வேயில இருந்து சின்ன மாமா ஒரு கார் அனுப்பினவர். எனக்கு எட்டு வயசு. கார் வந்திட்டுது, பற்றறி வரேல்லை. ஓமந்தையில ஆமியின்ர சோதனை தாண்டி எங்கட பக்கத்துக்கு ஒரு பென் ரோச் பற்றறி கொண்டுவர ஏலாது, தடை எண்டு கழட்டி எடுத்துப்போடுவாங்கள். கடையிலயும் இல்லை. வீட்டில இருந்தது அப்பான்ர றேடியோவில இருந்த நாலுதான். பின்னேரச் செய்திக்கு. அதில ஆரும் கை வைக்கேலாது."

"கை வச்சனாங்கள்" என்றார் மாமி.

"அப்பா வயலுக்குப் போனாப் பிறகு இவா அதைக் கழட்டி இப்பிடித்தான் சுளகில காயவைப்பா. சூடாகினாக் கொஞ்சம் சக்தி வரும். காருக்கு ரெண்டு, ரிமோட்டுக்கு ரெண்டு. வீட்டு முத்தத்தில மணல். ஒருக்கா ரெண்டுதரம் சுத்தி ஓடும். பிறகு கழட்டித் துடைச்சுத் திரும்ப றேடியோவுக்க. பின்னேரம் பற்றறி இறங்கிக் குரல் கம்மிக் கேக்கும். அப்பா றேடியோவைக் காதுக்குள்ள வச்சுக்கொண்டு, 'செய்தி வாசிக்கிறவருக்கு இண்டைக்கும் தடிமன் போல' எண்டுவார். நான் பாயைப் போத்துக்கொண்டு சிரிக்கிறது."

"மஞ்சள் கார்" என்றேன்.

"ஓம். மஞ்சள்."

மாமி சுளகில் ஒரு மிளகாயின் காம்பை ஒடித்தார்.

"கொப்பருக்குத் தெரியும்."

"என்ன?"

"உன்ர அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் வயலால வேளைக்கு வந்திட்டார். வேலிக்கு வெளியில நிண்டு பாத்திருக்கிறார். நீ காருக்குப் பின்னால கத்திக்கொண்டு ஓடுறாய். மனிசன் உள்ளுக்கு வராமல் திரும்பிப் போய்க் கடையடியில இருந்திட்டுப் பொழுதுபட்டுத்தான் வந்தது. 'நான் போனா நிப்பாட்டிப்போடுவான்' எண்டார்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அவர்தான் சொல்லவேண்டாம் எண்டவர். களவா விளையாடினாத்தான் பெடியனுக்கு ருசி எண்டார். தடிமன் கதையும் உன்னைச் சிரிக்க வைக்கத்தானே சொன்னது. அது விளங்கேல்லையே உனக்கு?"

அவர் கையிரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தகரத்தைப் பார்த்தபடி இருந்தார். மாமி அவருடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "மிளகாயில அந்தப் பற்றறி ஒழுகேல்லைத்தானே, பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். ஒழுகவில்லை, ஆனாலும் எறிந்துவிடுங்கோ என்றேன். "ஐயோ, முழு மிளகாயுமோ?" என்று உள்ளே போனார்.

நான் மாமி இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கார் இப்ப எங்க?"

இது இரண்டாம் கேள்வி. கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஊரை விட்டு வெளிக்கிடேக்க பொலித்தீனில சுத்திக் கிணத்தடியில கிடங்கு வெட்டித் தாட்டது. தையல் மெசினோட. திரும்பிப் போய்க் கிண்டினம். மெசின் மட்டும் கிடைச்சுது." முழங்காலைத் தடவிக்கொண்டே, "அப்பாதான் கிடங்கு வெட்டினவர். காரை மேல வைப்பம், கீழ எண்டா பாரத்தில நசிஞ்சிடும் எண்டு அவர்தான் சொன்னவர்" என்றார்.

இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நடுவில் நிறுத்துவார். நான் அவசரப்படுத்தவில்லை. சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்காததால் மாமி தானே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை மதியம் ஆய்வுகூடத்தின் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது. வேலை நேரத்தில் அவர் எனக்கு எடுப்பதில்லை. மாமிக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன்.

"இல்லை, பற்றறி விசயம்" என்றார். "திரும்பவும் லித்தியமோ, வேற சாதியோ? நிக்கல் எண்டு ஒண்டு இருக்காம்."

"நிக்கல் பாரம். ஆனா சூட்டைக் கொஞ்சம் தாங்கும்."

"அப்ப எங்கட வீட்டுக்கு அதுதான்."

"ஓம். அதுதான் நல்லம்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் கச்சேரியில் யாரோ கதிரையை இழுத்து எழும்பும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு ஒண்டு சொல்ல மறந்திட்டன்" என்றார். "அந்தக் கார் நேர ஓடாது, கௌசலா. எப்பவும் இடப்பக்கம் இழுக்கும். அதால அப்பா என்ன செய்தவர் தெரியுமோ?"

அவர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பது அபூர்வம். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடி ஒரு பக்கம் வைத்தேன்.

"தெரியாது. சொல்லுங்கோ."