ப்ளக்கைக் கழட்டாதே

“என் மலையே சாய்ந்ததே, என் குதிரை ஆளில்லாமல் திரும்பியதே” என்று துக்கத்துக்காக வீட்டு முற்றத்தில் போட்ட கம்பளிக் கூடாரத்தின் சுவரைப் பார்த்து உட்கார்ந்து புருல் ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தபோது, மருமகள் ஐசுலூ பின்னால் வந்து குனிந்து காதோடு கேட்டாள்.

“அத்தை, மாமா ரூம்ல அந்தக் கிதார்ப் பெட்டியில லைட்டு எரிஞ்சுகிட்டே கெடக்கு. அதைக் கழட்டிட்டுக் கெட்டிலைச் சொருகிக்கவா? வேற ப்ளக்கே காலியில்ல.”

ஒப்பாரியை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், வெளியே தடியூன்றி நின்று அழுகிற ஆண்கள் என்ன ஆயிற்றோ என்று கூடாரத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். புருல் நிறுத்தவில்லை. அதே ராகத்தில், அதே இழுப்பில், “கழட்டாதேயடி மகளே, அதைக் கழட்டவே கழட்டாதே” என்று ஒரு வரியைச் சேர்த்துப் பாடிவிட்டு அடுத்த அடிக்குப் போனாள். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பெண்கள் அதையும் ஒப்பாரி என்றே எண்ணி இன்னும் கொஞ்சம் உரக்க அழுதார்கள். ஐசுலூவுக்கு மட்டும் விளங்கியது. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் எசென்குல் கிடந்தான். இன்று மூன்றாம் நாள். நண்பகலில் எடுத்துவிடுவார்கள்.

கொச்கோர் சுற்றுவட்டாரத்தில் எசென்குலின் கிதார் இல்லாமல் கல்யாணம் நடந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவன் பெண்டாட்டிக்கு அந்தக் கிதாரின் சத்தம் தெரியாது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். உண்மை அதுதான். வீட்டில் அவன் எலக்ட்ரிக் கிதாரின் வயரை அந்தப் பெட்டியில் சொருகி, பெட்டியின் வயரை ஹெட்போனில் சொருகி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவான். எதிரொலி, கரகரப்பு, இழுவை எல்லாம் பெட்டிக்குள்ளேயே நடக்கும். வெளியே கேட்பது வெறும் கம்பியின் டொக்கு டொக்குதான். இருபத்தெட்டு வருஷமாகப் புருல் கேட்டது தகரக் கூரையில் கோழி நடக்கிற அந்தச் சத்தத்தைத்தான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கல்யாணங்களில் அவன் வாசித்ததைக் கேட்டிருக்கிறாள். ஆனால் கல்யாணத்தில் யார் பாட்டைக் கேட்கிறார்கள்? கறி யாருக்கு எந்த எலும்போடு போகிறது என்று பார்க்கவே பொழுது சரியாக இருக்கும்.

முந்தாநாள் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மதியம் டீ ஊற்றி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அவனுடைய அறை வாசலுக்கே போய் நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்போன். அந்த டொக்கு டொக்கு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டீ ஆறிப் பச்சைத் தண்ணியாயிடுச்சு! வர மாட்டியா? அப்ப அந்தப் பெட்டியோடயே கெடந்து செத்துப்போ!”

இதுதான் அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தபோது கிதார் மடியில் இருந்தது, தலை சுவரில் சாய்ந்திருந்தது. இதயம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து புருல் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன் இருந்தது, அதனால் அவனுக்குக் கேட்டிருக்காது. இருபத்தெட்டு வருஷமாக அவள் கூப்பிட்டு எதுவும் அவன் காதில் விழுந்ததில்லை, அதுவும் விழுந்திருக்காது.

ஆனால் அவன் தலையிலிருந்து ஹெட்போனைக் கழட்டியபோது அதற்குள் ஏதோ பூச்சி கத்துவது போல ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள், பெட்டியைக் காலால் ஒதுக்கினார்கள், சத்தம் நின்றது. விளக்கு மட்டும் அணையவில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பல வருஷத்துக்கு முன் இஸ்திரி போட அதன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். எசென்குல் இரண்டு நாள் பேசாமல் சாப்பிட்டான். “வாசிக்கிறதை அது பிடிச்சு வச்சுகிட்டுத் திரும்பத் திரும்பப் பாடும். கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு ஞாபகம். போச்சு, எல்லாம் போச்சு” என்று மூன்றாம் நாள் சொன்னான்.

அப்படியானால் அவன் கடைசியாக வாசித்தது இன்னும் உள்ளே இருக்கிறது. அவள் கத்தியது கேட்டிருந்தால் கை நின்றிருக்கும், தடுமாறியிருக்கும், ஏதாவது தெரியும். தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது, தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. பொழுதோ கொஞ்சம்தான் இருந்தது. உடம்பைக் குளிப்பாட்டியவர்களுக்குச் செத்தவனின் பொருள்களைக் கொடுப்பது முறை. எசென்குலின் அக்கா பாத்மா நேற்றே பங்கு பிரித்துவிட்டாள். கோட்டு ஒருவருக்கு, பூட்ஸ் ஒருவருக்கு, கிதாரும் பெட்டியும் அவனுடைய கல்யாணப் பாட்டுக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் மெலிஸுக்கு. ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பியதும் கையில் கொடுத்துவிட வேண்டும்.

உடம்பை எடுத்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. வாசல்வரை அழுதார்கள், லாரிகள் கண்ணுக்கு மறையும்வரை அழுதார்கள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கொப்பரையில் குதிரைக் கறி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்கள். புருல் எழுந்தாள்.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் பாத்மா.

“கால் மரத்துப் போச்சு அண்ணி. கொஞ்சம் நடந்துட்டு வரேன்.”

நேராக அவன் அறைக்குப் போனாள். பெட்டி கம்பளத்தின் மூலையில் கிடந்தது. காலால் மிதிக்க நாலு சுவிட்ச், திருகுவதற்கு ஐந்து குமிழ், நடுவில் சின்னத் திரை. அதில் வெளிச்சம். கிதார் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. அவன் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒன்றுமில்லை. ஒரு கம்பியைச் சுண்டினாள். ஒன்றுமில்லை. ஒரு குமிழைத் திருகினாள், இன்னொன்றையும் திருகினாள். கடைசியில் ஒரு சுவிட்சின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

“ஐயோ, அதை அழுத்தாதீங்க அண்ணி!”

வாசலில் சாய்கால் நின்றிருந்தாள். குழுவின் பாடகி. சிவப்புச் சாயம் பூசிய தலையைக் கறுப்புத் துணிக்குள் திணித்து வைத்திருந்தாள். இருபது வருஷமாக எசென்குல் இவளோடு ஒரே வேனில் கல்யாணம் கல்யாணமாகப் போனவன். அதனால் அதே இருபது வருஷமாகப் புருல் இவளுக்கு ஒரு கிண்ணம் டீகூட நிறைந்த மனதோடு ஊற்றியதில்லை.

“நீ இங்க என்ன பண்ற?”

“பெட்டி மேல யாரும் எதையும் கொட்டாம பார்த்துக்கச் சொன்னான் மெலிஸ். அந்தச் சுவிட்சை அழுத்திப் பிடிச்சீங்கன்னா உள்ள இருக்கிறது அழிஞ்சிரும். தட்டணும், பிடிக்கக் கூடாது.”

“உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?”

“தெரியாம? வேன்ல உங்க வீட்டுக்காரர் வேற எதைப் பத்திப் பேசினாரு? நாரின் போற வரைக்கும் இந்தப் பெட்டி, திரும்பி வர வரைக்கும் இந்தப் பெட்டி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘சாய்கால், உன் பாட்டு நல்லாருந்துச்சு’ன்னு சொல்லியிருப்பாரா?”

புருலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷச் சந்தேகம் இவ்வளவு லேசாக இறங்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

“சத்தமே வரல. செத்துப்போச்சா இது?”

சாய்கால் வந்து மண்டியிட்டாள். “முதல்ல வயர், அப்புறம் கரண்ட், அதுக்கப்புறம்தான் பெட்டியைத் திட்டணும்னு அண்ணன் சொல்வாரு.” கிதாரில் சொருகியிருந்த வயர் பாதி வெளியே வந்திருந்தது. க்ளிக் என்று உள்ளே தள்ளினாள். ஹெட்போன் சரியான துளையில்தான் இருந்தது. கிதாரின் குமிழ் திறந்திருந்தது. புருல் கம்பியைச் சுண்டினாள். ஊஹும்.

“இந்தத் திரையில ஒரு எழுத்து வருது பாரு. சுண்டினா ஒரு முள்ளு ஆடுது.”

சாய்கால் எட்டிப் பார்த்தாள். “அட, டியூனர்! யாரோ ரெண்டு சுவிட்சைச் சேர்த்து மிதிச்சிருக்காங்க. சுருதி சேர்க்கிறப்போ சத்தம் வெளிய போகாது. கல்யாணத்துல ஜனங்க அந்த ஙொய்ங்கை எல்லாம் கேட்டுகிட்டு இருக்கணுமா என்ன?” ஒரு தட்டு தட்டினாள். எழுத்து மறைந்தது. அந்த இடத்தில், அவன் சேமித்து வைத்திருந்த ஒலியின் பெயர் வந்தது. டீ.

“டீயா? பேரே டீயா?”

புருல் ஹெட்போனைக் கழட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை, போயும் போயும் இவளிடம் சொன்னாள். வாசலில் நின்றதை, கத்தியதை, கத்திய வார்த்தையை.

“ஹெட்போன் மாட்டியிருந்தா வெளிய பேசறது கேட்காதுல்ல? நீ சொல்லு. கேட்காதுதானே?”

“மாட்டுங்க அண்ணி” என்றாள் சாய்கால். பிடித்து வைத்ததைத் திரும்பப் பாடவைக்கும் லூப் சுவிட்சை ஒரு தட்டு தட்டினாள்.

முதலில் புருலுக்கு எதுவும் புரியவில்லை. அகலமாக, குளிர்ச்சியாக ஒரு சத்தம் இரண்டு காதிலும் விரிந்தது. ஒரு கம்பி ஒலித்து அடங்குவதற்குள் அதன் எதிரொலி எங்கோ போய்த் திரும்பி வந்தது. அந்தக் கோழி நடையா இது? இதையா இந்த மனுஷன் இங்கே உட்கார்ந்து தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்? ஒரு நாளாவது என் காதில் மாட்டிவிட்டிருக்கக் கூடாதா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. அப்போது அந்தச் சத்தத்துக்கு அடியிலிருந்து, கொப்பரைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல, ஒரு பெண் கத்தினாள். டீ ஆறிப் பச்சைத் தண்ணியாயிடுச்சு. வர மாட்டியா.

புருல் ஹெட்போனைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

“நான். அது நான்.”

“இந்தப் பழைய கிதார்ல கம்பிக்கு அடியில சத்தத்தைப் பிடிக்கிற காந்தம் இருக்கே, பிக்கப், அது அப்படி அண்ணி. உள்ள இருந்த மெழுகு உருகிப் போச்சு. கம்பிச் சத்தத்தோட, பக்கத்துல பேசறதையும் பிடிச்சுக்கும். மாத்துங்கன்னு மெலிஸ் பத்து வருஷமாக் கெஞ்சினான். மாட்டேன்னுட்டாரு.”

“அப்ப கேட்டிருக்கு.”

“எல்லாம் கேட்டிருக்கு. எப்பவுமே கேட்டிருக்கு.”

முற்றத்தில் யாரோ விறகு பிளந்தார்கள். புருல் மடியில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தது கையை விட்டுப் போய்விட்டது.

“முழுசாக் கேட்கல நீங்க” என்றாள் சாய்கால். ஹெட்போனை எடுத்து, ஒரு பக்கத்தைப் புருலின் காதில் வைத்து, மறுபக்கத்தில் தன் காதை ஒட்டிக்கொண்டாள். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன.

செத்துப்போ என்று கத்தியது அந்தக் குரல். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கிதார் கத்தியது. அவள் ஏற்றிய இடத்தில் ஏற்றி, இழுத்த இடத்தில் இழுத்து, கடைசிச் சொல்லில் அவள் போட்ட அதே வெட்டைப் போட்டு, அச்சாக அவளைப் போலவே கத்தியது. உடனே கம்பிக்கு மிக அருகில் ஒரு ஆள் மூக்கால் சிரித்தான். எசென்குல் அப்படித்தான் சிரிப்பான். சிரித்துவிட்டு இன்னொரு தடவை, இந்த முறை வாலில் ஒரு சுழியும் சேர்த்து வாசித்தான். அங்கே முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

“இந்த மெட்டு எனக்குத் தெரியும்” என்றாள் புருல் மெதுவாக. “எங்கயோ கேட்டிருக்கேன்.”

“உங்க மகன் கல்யாணத்துல கேட்டிருப்பீங்க. கறி வந்தாச்சு, ஆடறவங்க எல்லாம் மேஜைக்குத் திரும்புங்கன்னு சொல்ல இதைத்தான் வாசிப்பாரு. வாசிச்ச உடனே கூட்டம் அடிச்சுப் பிடிச்சு வந்து உட்காரும். பத்து வருஷமா எல்லாக் கல்யாணத்துலயும் இதுதான். நீங்க டீக்குக் கூப்பிடற அதே ராகம்தான், அதனால எங்க குழுவுல இதுக்குப் பேரு டீ. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கி வச்சிருந்தாரு.”

புருலுக்கு நினைவு வந்தது. அன்று அவளும் ஓடிப் போய்த்தான் உட்கார்ந்தாள்.

“என் சத்தத்துக்கு ஊரே எந்திரிச்சு வந்திருக்கு. இந்த ஆளு மட்டும் வரல” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கூடாரத்தில் மூன்று நாள் பாடிய அழுகை முறைக்கு அழுதது. இது வேறு. சாய்கால் நகராமல் அவள் தலையைத் தன் தலையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் லாரிகள் திரும்பும் சத்தம் கேட்டது. ஆண்களின் அழுகுரல் நெருங்கி வந்தது. சாய்கால் அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள்.

“அண்ணி, ஃபோன்ல பதிஞ்சு தரேன். ஒரு நிமிஷம்.”

புருல் யோசித்தாள். “மெலிஸ் இதை வாசிப்பானா? இனிமேயும்?”

“வாசிக்காம? இது இல்லாம யாரு வந்து உட்காருவா?”

“அப்ப வேணாம். பிக்கப்பை மட்டும் மாத்தக் கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லிடு.”

ஹெட்போனில் கடைசியாக ஒரு சுற்று கேட்டாள். சிரிப்பு வந்து முடியும்வரை இருந்தாள். பிறகு எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. வயரை எசென்குல் சுற்றுகிற மாதிரியே, முழங்கையில் மாட்டாமல், வளையம் வளையமாகச் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“ஐசுலூ! கெட்டிலைக் கொண்டா.”

மருமகள் ஓடி வந்து சொருகினாள். கெட்டிலில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் கொதிக்கும்வரை புருல் அதன் பக்கத்திலேயே நின்று கிண்ணங்களைத் துடைத்தாள். வெளியே அழுகை ஓய்ந்தது. ஆண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு, யார் முதலில் உள்ளே போவது என்று தெரியாமல் முற்றத்தில் நின்றார்கள்.

புருல் டீயை அரைக்கிண்ணம் அரைக்கிண்ணமாக ஊற்றி வைத்தாள். வாசலுக்கு வந்து, எப்போதும் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டாள்.

“டீ ஆறுது! வாங்க!”

எல்லோரும் செருப்பைக் கழற்றக் குனிந்தார்கள். ஈரக் கையோடு மெலிஸ் மட்டும் நின்ற இடத்திலேயே நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.