நாலு மீட்டருக்குள் யாராவது

மலேசியாவின் ஈஜோக்கில், செம்பனைத் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் வரிசையில் கடைசி வீடு பவனேஷுடையது. குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டைத் தேடி வந்தவர்கள் கொசு மருந்து அடிப்பவர்களும் தண்ணீர் மீட்டர் பார்ப்பவரும்தான். அவர்களும் பவனேஷைப் பார்க்க வரவில்லை.

இன்று காலேஜிலிருந்து ஹைருலும் நித்தியாவும் வருகிறார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு புராஜெக்ட்: எதிரே நிற்கிற ஆளின் தூரத்தை அளக்கும் சென்சார். வேலை நியாயமாகவே பிரிக்கப்பட்டிருந்தது. பவனேஷ் செய்வான். மற்ற இருவரும் அவனை நம்புவார்கள்.

சாமான் செலவு, மூன்று பேர் நாசி கண்டார் சோறு சாப்பிடும் காசு. அப்படிச் சாப்பிட இன்னும் இரண்டு பேர் கிடைக்காததால் மிச்சமான காசு என்றும் சொல்லலாம்.

சென்சாருக்கு இரண்டு கண். ஒன்று காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். மற்றது, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருகிறதா என்று காத்திருக்கும். போய்வந்த நேரத்தை வைத்து மைக்ரோகண்ட்ரோலர் தூரத்தைச் சொல்லும். நாலு மீட்டருக்கு அப்பால் உலகமே இல்லை என்பது அதன் கொள்கை.

அதை வாசல் நிலையின் வெளிப்பக்கத்தில், படியைப் பார்த்து ஒட்டினான். ஆள் வந்தால் உள்ளே பச்சை விளக்கு எரியும். வெளியே குட்டித் திரையில் 'வாங்க' என்று வரும்.

"பிஸ்கட்டு டின்ல இருக்கு. வர்ற பிள்ளைங்ககிட்ட வாயத் தொறந்து பேசுடா," என்று சொல்லிவிட்டு அம்மா நாகமணி ரவாங் ஃபேக்டரிக்கு ஓவர்டைம் பார்க்கக் கிளம்பினார்.

பவனேஷ் மூவரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: 'போன் பண்ணாதீங்க. ஹார்ன் அடிக்காதீங்க. நேரா வாசப்படிக்கு வாங்க. மத்தத சென்சார் பாத்துக்கும்.'

'கடிக்காதுதானே லா?' என்றான் ஹைருல்.

பவனேஷ் போனைச் சைலண்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கின் முன் உட்கார்ந்தான்.

ஒரு கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம். யாரோ சிரித்தார்கள். பவனேஷ் சட்டைக் காலரைச் சரிசெய்தான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் பரிசோதனை கெட்டுவிடும்.

விளக்கு எரியவில்லை.

கார் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் என்று அறிவியல்பூர்வமாக முடிவு செய்தான். தட்டில் வைத்த பிஸ்கட் நமுத்துப்போன பிறகுதான் போனைத் திருப்பினான்.

முதலில் கேட்டில் தொங்கும் பூட்டின் படம். பிறகு நித்தியா: 'வீடு பூட்டியிருக்கு. எங்கடா போன?' ஹைருல்: 'போன் பண்ணக் கூடாதுன்னான் லா. விடு.' மறுபடி நித்தியா: 'சரி, கோலசிலாங்கூருக்கு மீன் சாப்பிடப் போறோம். பிசாங் கோரெங் கேட்ல மாட்டியிருக்கு.'

மகன் உள்ளே இருந்தாலும் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவதுதான் அம்மாவின் வழக்கம். பூட்டைப் பார்த்தால் திருடன் வீட்டில் ஆளில்லை என்று போய்விடுவானாம். ஆளில்லாத வீட்டைத்தான் திருடனுக்குப் பிடிக்கும் என்று அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான். உள்ளே தொங்கும் சாவியால் கம்பி வழியே கைவிட்டுத் திறக்கலாம். யாரும் வராத வீட்டில் அதற்குத் தேவை வந்ததில்லை. இன்று அவனுக்கு நினைவுமில்லை.

வாசலிலிருந்து கேட் ஆறு மீட்டர்.

கூப்பிடலாம். கூப்பிட்டால் பாதி வழியில் திரும்புவார்களா என்று அளக்க அவனிடம் கருவி இல்லை.

வெளியே போய்ப் பையை எடுத்தான். பிசாங் கோரெங்கின் பொரித்த வாழைப்பழம் ஆறி, காகிதம் எண்ணெயில் ஊறியிருந்தது. திரும்பி வந்து படியில் கால் வைத்தான். திறந்திருந்த கதவின் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வந்தது: வாங்க.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். நகர்ந்தால் அணைந்துவிடும்.

பிறகு குழுவில் எழுதினான்: 'சென்சார் ஓகே லா. ஒரு ஆள் வந்தாரு.'