முதலாம் ஓலை

ஞாயிறு பூசையின் அறிவிப்புகளைத் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடி வரைக்கும் வாசித்தாள் என் மகள். பாடகர் குழுவுக்குச் செவ்வாயன்று ஒத்திகை, கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆள் தேவை, கடைசி பெஞ்சில் ஒரு கண்ணாடி கிடந்தது, உரியவர் பெற்றுக்கொள்ளவும். பிறகு தாளை மடித்தாள், மைக்கை அணைத்தாள், இறங்கிப்போய் உட்கார்ந்துவிட்டாள். என் ஓலையை மட்டும் வாசிக்கவில்லை.

கல்யாண அறிவிப்பை எங்கள் கோயிலில் ஓலை என்போம். மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிக்க வேண்டும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. காலஞ்சென்ற இன்னாரின் மனைவி என்றுதான் என்னை வாசிப்பார்கள். அந்த இன்னார் அவளுடைய அப்பா. மாப்பிள்ளை, நான் துணி தைக்கிற ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். போர்வை வண்டியோடு நான் முக்கால் மணி நேரம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட அன்று, பயப்படாமல் இருக்கட்டும் என்று கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை, அவ்வளவுதான் கதை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் திருவருகைக் காலம், அதில் கல்யாணம் கிடையாது. பீடத்துக்குப் பக்கத்தில் இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரி வைத்து, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றி, நாலும் எரிகிற வரை காத்திருக்க வேண்டும். ஓலை வாசிக்க மட்டும் தடையில்லை. அதனால் ஃபாதர் டிசம்பர் இருபத்தெட்டு என்று குறித்துக் கொடுத்தார். ஜனவரி முதல் தேதி லிஃப்ட்காரருக்கு வேறு ஊரில் வேலை. மனைவியாகப் போனால் போவேன், இல்லாவிட்டால் இங்கேயே கிடப்பேன். நாலு ஞாயிறு, மூன்று ஓலை, ஒன்று உபரி. அந்த உபரியை முதல் வாரமே விழுங்கிவிட்டாள் மகராசி.

அறிவிப்பு நேரத்தில் ஃபாதர் கண்ணை மூடிக்கொள்வார். தியானமா தூக்கமா, ஆண்டவருக்கே வெளிச்சம். லிஃப்ட்காரர்தான் வாசலில் என்னை மடக்கி, ஃபாதரிடம் சொல்லி வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாமே என்றார். வேண்டாம் என்றேன். இந்தக் கோயிலில் வாசிக்க ஆளா இல்லை. ஆனால் வேறொருவர் வாசித்து நடக்கிற கல்யாணத்துக்கு என் மகள் வரமாட்டாள். அவள் வராத கல்யாணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு அவள் ஒருத்திதான். இதை அவரிடமும் சொன்னேன். லிஃப்டுக்கு எண்ணெய் போடுகிற ஆள், பொறுமைசாலி, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சுருக்கித் தரச் சொல்லியிருந்த ரவிக்கைகளைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மருமகன் என்னைக் கண்டதும் துவைத்த துணி காயப்போடுகிறேன் என்று மொட்டைமாடிக்கு நழுவிவிட்டார். விவரமான பிள்ளை. அவள் ஏழாம் வகுப்பு விடைத்தாள்களை விரித்துவைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"அப்பா பேரையும் அந்த ஆள் பேரையும் ஒரே மூச்சுல சொல்லச் சொல்றியா?"

"மூச்சு விட்டுச் சொல்லேன்."

கோபத்தில் வாய் தவறி வந்ததுதான். அவள் ஒரு தாளுக்கு மதிப்பெண் போட்டாள், அடித்தாள், திரும்பப் போட்டாள். அவள் அப்பாவை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாள். பதினொரு வருஷமாக அவருடைய சட்டைப் பொத்தான்கள் என் ஊசி டப்பாவில்தான் கிடக்கின்றன. அதைச் சொன்னால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று சொல்லவில்லை. எழுந்தபோது ஒன்றுதான் சொன்னேன்.

"இன்னும் மூணு ஞாயிறுதான் இருக்கு, குட்டி."

ரவிக்கைகளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் ஞாயிறு. வளையத்தில் இரண்டாவது திரி பற்றமாட்டேன் என்று அடம்பிடித்துப் பற்றியது. தூணுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட்காரர், இந்தப் பக்கம் நான். பூசை முழுக்க ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. நான் சுருக்கிக் கொடுத்த பச்சை ரவிக்கையில் படியேறினாள் என் மகள். ஒத்திகை, குடில், கண்ணாடி. கண்ணாடிக்காரர் இன்னும் வரவில்லையாம். தாளைத் திருப்பினாள். அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுக்கிற தாள் அது. போன வாரம் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் ஓலை என்றுதான் அடித்திருப்பார்கள். அதை அப்படியே வாசித்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதலாம் ஓலை," என்றாள். "போன வாரமே வாசிச்சிருக்கணும். நான் வாசிக்கல."

ஃபாதர் கண்ணைத் திறந்தார். என் பெயரை வாசித்தாள். காலஞ்சென்ற, என்று அவள் அப்பாவின் பெயரை முழுதாக, வீட்டுப்பெயரோடு வாசித்தாள். பிறகு மூச்சு விட்டாள். ஒலிபெருக்கியில் கோயில் முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் லிஃப்ட்காரர் பெயர்.

தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று முடித்துவிட்டு, தாளை மடிக்காமல், மைக்கையும் அணைக்காமல், என்னைப் பார்த்துக்கொண்டே அங்கேயே நின்றாள்.