ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவில்லை

'குடிபோதையில் தவறி விழுந்த வாயிற்காவலர் சென்னியப்பன் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்' என்றது குடியிருப்போர் சங்கத்தின் கடிதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பொற்கொடி அதை இரண்டு முறை படித்தாள். உள்ளே அவள் அப்பா சென்னியப்பன் வலது முட்டியில் கம்பி பொருத்திக் கிடந்தார். அவர் குடியை விட்டுப் பதினொரு வருஷமாகிறது.

"வண்டி மெதுவாத்தான் வந்துச்சு கண்ணு," என்றார் அப்பா. "நான் குனிஞ்சு தண்ணி ஓஸைச் சுருட்டிட்டிருந்தேன். தூணோட சேத்து அமுக்கிருச்சு. கத்துனேன். நிக்காம இன்னும் கொஞ்சம் அமுக்குச்சு."

அப்பா வேலை பார்த்த சரவணம்பட்டிக் குடியிருப்பு வரை ஸ்கூட்டரில் அந்த 'இன்னும் கொஞ்சம்' கூடவே வந்தது. கணபதியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஒன்பது வருஷமாக அவள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் சங்கச் செயலாளர் சுப்பண்ணன் காத்திருந்தார். பக்கத்தில் அங்கே குடியிருக்கும் ஐயாசாமி, போன மாதம் வாங்கிய தன் டீசல் காரின் மேல் கையூன்றி நின்றார். அப்பா அடிபட்ட தூண் பக்கம் கேமரா இல்லை.

"அம்மணி, சாமி மேல சத்தியமா நான் ஆக்ஸிலேட்டர்ல காலே வெக்கல," என்றார் ஐயாசாமி. "ஸ்டார்ட் பண்ணிப்போட்டு போன் பாத்துட்டிருந்தேன். கால் வெக்காம வண்டி எப்படி நவுரும்? முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன். கிளட்ச்ச உட்டா ஆஃப்தான் ஆகும். உங்கப்பன்தான் போதையில தூண்ல முட்டிட்டு உழுந்திருப்பாரு."

உங்கப்பன். அவள் கடிதத்தை நான்காக மடித்தாள்.

"நீங்க கால் வெக்கலீங்க. நான் நம்பறேன்," என்றாள். "சாவியக் குடுங்க."

ஐயாசாமி செயலாளரைப் பார்த்தார். சுப்பண்ணன் தலையாட்டினார்.

அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் கேட் பக்கத்திலிருந்து இழுத்து வந்து தூணை ஒட்டிப் போட்டாள். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, கதவை அகலத் திறந்தே வைத்தாள். அவள் பாதங்கள் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டாள். பிறகு இரண்டு கால்களையும் மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

கார் நடக்கத் தொடங்கியது. ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. பழைய வண்டியாக இருந்தால் இந்நேரம் குலுங்கி நின்றிருக்கும். இது நிற்காது. திணறுகிறது என்று தெரிந்தால் இதற்குள் இருக்கும் கம்ப்யூட்டரே டீசலைக் கூட்டிக் கொடுக்கும். எதிரில் இருப்பது மேடா மனிதனா என்று அதற்குத் தெரியாது.

"உங்க பழைய பெட்ரோல் வண்டி இல்லீங்க இது," என்றாள். குரல் உயரவில்லை. "கியர்ல இருந்ததப் பாக்காம கிளட்ச்ச உட்டீங்க. அப்பறம் போன் பாத்தீங்க. எங்கப்பா கத்துனப்பவும் பாத்துட்டிருந்தீங்ளா?"

ஐயாசாமி கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டார்.

பம்பர் நாற்காலியைத் தொட்டது. இன்ஜின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்தது. காருக்குள் ஒரு நடுக்கம். பிறகு, யாரும் எதையும் மிதிக்காமலே, அந்தச் சத்தம் தானாக ஏறியது. நாற்காலியின் முன்கால்கள் தரையை விட்டு எழும்பின.

"போதும் அம்மணி, நிறுத்து," என்றார் சுப்பண்ணன்.

பொற்கொடி கால்களை இறக்கவில்லை. ஐயாசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூணுக்கும் காருக்கும் நடுவே வெள்ளைப் பிளாஸ்டிக் மெதுவாக வளைந்துகொண்டே போனது.