மீன் தண்ணீருக்கு மருந்து

திண்டிவனத்தில் கிருஷ்ணவேணி அம்மா வீட்டுத் தொட்டியில் விட்ட மீன்கள் எல்லாம் செத்து மிதக்கின்றன என்று போன் வந்தபோது, என் மகள் இசைவாணி காலைச் சோற்றில் கை வைத்திருந்தாள். கையைக் கழுவாமலே பேசினாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. நீ ஊற்றிய மருந்துதான் மீனைக் கொன்றிருக்கிறது, புது வீட்டில் இப்படி மிதந்தால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்றார் அந்த அம்மா. கத்தவில்லை, நிதானமாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

"இன்னொரு வாட்டி பாக்கறேன். அதுவும் செத்துதுன்னா தொட்டிய எடுத்துக்கினு போயிடு. உனுக்குக் கைராசி இல்லன்னு நெனைச்சிக்கறேன்."

இசைவாணி போனை வைத்துவிட்டுச் சோற்றை நாய்க்குப் போட்டாள்.

அவள் அதற்கு முன் ஷூ கம்பெனியில் இருந்தாள். விடியும் முன்னே கூட்டேரிப்பட்டு முனையில் வேன் வந்து நிற்கும். எங்கள் காலனிப் பெண்களில் பாதிப் பேர் அந்த வேனில்தான் போகிறார்கள். இவளுக்குப் பசை ஒட்டும் வேலை. அந்த வாசனை நெஞ்சில் ஏறி இழுப்பு வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குவாள். அவள் அம்மா அமலா முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, வேலையை விட்டுவிடு என்பாள். விட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மீன் வளர்ப்பது எப்படி என்று போனில் பார்த்துப் பார்த்து அவளே கற்றுக்கொண்டாள். வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கொடுப்பது, மாதம் ஒருமுறை போய்த் தண்ணீர் மாற்றுவது, இதுதான் தொழில். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வீடு கிருஷ்ணவேணி அம்மாவுடையது.

திண்டிவனத்துக்கு வெளியே புதிதாகப் போட்ட மனையில் அந்தத் தெரு இருக்கிறது. எல்லாம் கிராமத்தில் நிலம் வைத்துக்கொண்டு டவுனில் வீடு கட்டியவர்கள். எதிர் வீட்டில் இருக்கும் அந்த அம்மாவின் நாத்தனாரும், அதே வரிசையில் இன்னும் சிலரும், கிருஷ்ணவேணி வீட்டில் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு நாங்களும் வைக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தெரு கைக்கு வந்தால் இசைவாணி வேன் ஏற வேண்டாம். வராவிட்டால் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும்.

அந்த வீட்டை எனக்கு முன்னமே தெரியும். கட்டும்போது சித்தாள் வேலைக்குப் போனவன் நான். மாடிக்குப் போன செங்கல்லில் முக்கால்வாசி என் தலைமேல் ஏறித்தான் போனது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. டைல்ஸ் புதுசு, பார்த்து வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மீன் செத்ததற்கு இசைவாணி தன்னையேதான் குற்றம் சொல்லிக்கொண்டாள். குழாயில் வருவது முனிசிபாலிட்டித் தண்ணீர். அதில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அப்படியே பிடித்து விட்டால் மீனின் செவுள் வெந்துவிடும். அதற்காகத்தான் கல்கண்டு போல இருக்கும் ஒரு மருந்தைக் கரைத்து ஊற்றுவார்கள். இவளும் கரைத்து ஊற்றினாள். காத்திருந்து, மோந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் மீனை விட்டாள். நான் கூடவே இருந்தேன். இருந்தும் செத்துவிட்டது. அளவு குறைந்துபோனதா, மருந்து பழசா என்று பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, விழுப்புரம் போய் நல்ல மருந்தாகப் பார்த்து வாங்கலாம், நீயும் வாப்பா என்றாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாசிலாமணி என்பவர் மீன் கடை வைத்திருக்கிறார். பொல்லாத வாய்க்காரர், ஆனால் ஏமாற்றுகிற ஆள் இல்லை. கடைக்குள் நுழைந்தாலே பாசி வாசனை அடிக்கும். இசைவாணி விஷயத்தைச் சொன்னதும் அவர் பாட்டில்களை வரிசையாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நீல நிறத்தில் சொட்டு மருந்து ஒன்று. அது பிளீச்சிங்கை மட்டும்தான் எடுக்கும், நீ போட்ட கல்கண்டும் அதுவும் ஒன்றுதான், தண்ணியில் கரைத்து அழகான பாட்டிலில் அடைத்திருக்கிறான் என்றார். இன்னொன்றில் கற்றாழைப் படம் போட்டிருந்தது. மீன் உடம்பில் வழவழப்பு போகாமல் காக்குமாம். தூரத்திலிருந்து கொண்டு போகிற மீனுக்கு அது நல்லது என்றார். மூன்றாவது, கருப்பு மூடி போட்ட பாட்டில். விலை அதிகம். திறந்தால் அழுகின முட்டை நாற்றம். பிளீச்சிங்கையும் எடுக்கும், அமோனியாவையும் ஒருநாள் இரண்டுநாள் கட்டிப்போடும் என்றார்.

அமோனியா எங்கிருந்து வரும் என்று இசைவாணி கேட்டாள். மீன் கழிவிலிருந்து வரும், தின்னாமல் விட்ட தீனி அழுகினால் வரும், ஆனால் ஒரே ராத்திரியில் அத்தனையும் சாகிற அளவுக்கு வராது என்று சொன்னவர், கொஞ்சம் யோசித்தார்.

"அந்த வூட்டுக்காரங்க எதுனா ஊத்தினாங்களா? இங்க ஒருத்தர் வெள்ளிக்கிழமையானா தொட்டிக்குப் பாலாபிசேகம் பண்ணுவாரு. மீன் செத்துதுன்னு வந்து என் சட்டைய புடிப்பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தொட்டி வைத்த அன்று வேலை முடிந்து தெருமுனை வரை வந்துவிட்டோம். தண்ணீர் இழுக்கும் டியூப்பை விட்டுவிட்டோம் என்று இசைவாணி சொன்னதால் நான் மட்டும் திரும்பிப் போனேன். கதவு திறந்தே இருந்தது. கிருஷ்ணவேணி அம்மா பித்தளைச் சொம்பில் மாவிலையை முக்கி, நாங்கள் நடந்த இடமெல்லாம் தெளித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் தண்ணீரில் கோமியம் கலந்திருந்தது. மாட்டுக் கொட்டகையில் வேலை செய்தவனுக்கு அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியாகத் தொட்டிக்குள்ளும் தெளித்தார். பிறகு சொம்பில் இருந்த மிச்சத்தை அதிலேயே கவிழ்த்துவிட்டார். நான் வெளியிலிருந்து செருமினேன். டியூப்பை ஜன்னல் வழியாகத் தந்தார்.

எனக்கு அது புதுசு இல்லை. போகிற வீடுகளில் நம் முதுகுக்குப் பின்னால் நடப்பதுதான், இந்த முறை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து வந்துவிட்டேன். மீனுக்கும் அதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. எங்கள் ஏரியில் மாடு இறங்கி மூத்திரம் போகிறது, மீனும் இருக்கிறது. ஏரி வேறு, கண்ணாடிப் பெட்டி வேறு என்பது எனக்கு எப்படித் தெரியும்.

கடையில் வைத்தே சொன்னேன். இசைவாணி என்னைப் பார்க்கவில்லை. கற்றாழைப் படம் போட்ட பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமியமும் தண்ணியில் அமோனியாவாகத்தான் மாறும் என்றார் மாசிலாமணி. நீலப் பாட்டிலையும் கற்றாழைப் பாட்டிலையும் எடுத்து உள்ளே வைத்தார்.

"இதான்மா உனுக்கு" என்று கருப்பு மூடியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். மீனும் புதிதாக வாங்கினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் மீன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுச் செங்கல் ஒவ்வொன்றையும் நான் தொட்டிருக்கிறேன். அதையெல்லாம் பெயர்த்தெடுத்துக் கோமியத்தில் ஊறவைப்பார்களா? பூச்சு பூசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இதை அப்படியே அந்த அம்மாவிடம் கேட்கப்போகிறேன் என்றேன். தொட்டி போனால் போகிறது என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இசைவாணி குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"கேளு. கேட்டுட்டு வூட்டுக்கு வந்து படுத்துக்குவ. காலைல வேனு ஏறிப் போறது நானு."

விக்கிரவாண்டி தாண்டும்போது அவளுக்கு லேசாக இருமல் வந்தது. பஸ் புகையாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த இருமல் என் வாயை அடைத்துவிட்டது.

மறுநாள் திண்டிவனம் போனோம். செத்த மீன்களை யாரும் எடுக்கவில்லை. நீங்களே வந்து எடுப்பீர்கள் என்று விட்டுவைத்தேன் என்றார் கிருஷ்ணவேணி அம்மா. வீடு நாறியது. நான் பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு வாரி எடுத்தேன். இசைவாணி தண்ணீரை இறைத்து, கூழாங்கல்லைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்து அலசி, குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது. மீன் பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். கருப்பு மூடிப் பாட்டிலைக் கையில் எடுத்தவள், திறக்காமல் சமையலறைப் பக்கம் பார்த்து அந்த அம்மாவைக் கூப்பிட்டாள். மருந்துப் பெயரைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நாங்க போன பின்னாடி தெளிப்பீங்க இல்ல, அத இப்பவே தெளிச்சிடுங்க. நீங்க முடிச்சதுக்கு அப்பறமா நான் மருந்து ஊத்தணும். முன்னாடி ஊத்துனா வேஸ்டுங்க."

அந்த அம்மா முதலில் என்னைப் பார்த்தார். கோபப்படுவார், அல்லது கூச்சப்படுவார் என்று காத்திருந்தேன். இரண்டில் ஒன்று நடந்திருந்தால் எனக்குப் போதும்.

"அதுக்குன்னு தப்பா நெனைச்சிக்காதம்மா. புது வூடு, யார் யாரோ வந்து போறாங்க. உங்க சர்ச்சுல கூட சாமியாரு தண்ணி தெளிக்கறாரு இல்ல, அந்த மாதிரிதான்."

இசைவாணி ஆமாம் என்று தலையாட்டினாள். மீனுக்கு மட்டும் கொஞ்சம் குறைவாக ஊற்றுங்கள் என்று கேட்டாள். மிச்சத்தைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது, தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும், அதுதான் முறை என்றார் அந்த அம்மா. சரிங்க, அப்படியே செய்யுங்கள், நான் மருந்தைக் கூட்டிக்கொள்கிறேன் என்றாள் இவள். இரண்டு பேரும் குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள்.

சொம்பு வந்தது. நாங்கள் நிற்கும்போதே தெளித்தார். வாசலிலிருந்து தொடங்கி, நான் உட்கார்ந்து கல் தேய்த்த இடம், இசைவாணி நின்ற இடம், தொட்டியின் விளிம்பு என்று வந்தார். நாங்கள் ஒதுங்கி ஒதுங்கி இடம் விட்டோம். ஒரு வீச்சில் இசைவாணியின் தலையிலும் என் தோளிலும் விழுந்தது. பட்டுவிட்டதா என்று அந்த அம்மா கேட்டார். பரவாயில்லை என்று என் மகள் சொன்னாள். பிறகு சொம்பு தொட்டிக்குள் கவிழ்ந்தது. தண்ணீர் மஞ்சளாகி மெல்ல மெல்லக் கலைந்தது.

இசைவாணி மூடியால் அளந்து மருந்தை ஊற்றினாள். ஊற்றிவிட்டு இன்னொரு மூடியும் ஊற்றினாள். முட்டை நாற்றம் எழுந்தது. அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த நாற்றம் போய்விடுமா என்று கேட்டார். போய்விடும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பையை அவிழ்த்து மீன்களை விட்டாள். அவை ஒரு மூலையில் கூட்டமாக நின்றன. மெதுவாகப் பிரிந்து நீந்தின.

"வெவரமான பொண்ணு. மத்ததுங்க மாதிரி இல்ல" என்று அந்த அம்மா என்னிடம்தான் சொன்னார். நல்லதைச் சொல்கிறோம் என்ற முகத்தோடு சொன்னார்.

அடுத்த நாளும் இசைவாணி போய்ப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு வந்தாள். மீன் சாகவில்லை. நாத்தனார் வீட்டிலிருந்து போன் வந்தது. கிருஷ்ணவேணி அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணே கேட்டுத் தெளிக்கச் சொல்லும், மறைத்துச் செய்கிற பேஜாரு இல்லை, நிம்மதி என்று சொன்னாராம். இதை இசைவாணி சிரித்துக்கொண்டே அமலாவிடம் சொன்னாள். அமலா சிரிக்கவில்லை. அடுப்பைக் குனிந்து ஊதினாள், எரிகிற அடுப்பைத்தான்.

இப்போது அந்தத் தெரு அவளிடம்தான் இருக்கிறது. சில வீடுகளில் கோமியம், சில வீடுகளில் வெறும் மஞ்சள் தண்ணீர். ஒரு வீட்டில் எதுவும் கிடையாதாம், ஆனால் அவளைப் பின்பக்கமாக வரச்சொல்கிறார்கள். எங்கே எது என்று அவளுக்கு மனப்பாடம். அதற்குத் தக்கபடி மருந்தின் அளவை வைத்துக்கொள்கிறாள். எந்த மீனும் சாகவில்லை. இழுப்பு வந்து வெகு நாளாகிறது. ராத்திரி படுத்துத் தூங்குகிறாள். கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான், அமலா சொல்கிறாள். எனக்குத்தான் வாய் வரவில்லை.

நான் இப்போது கூடப் போவதில்லை. தொட்டியை ஆட்டோக்காரப் பையன் தூக்கி வைக்கிறான். ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டாள். இடுப்பு வலி என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அதன்பின் கேட்கவில்லை.

போன வாரம் விழுப்புரத்திலிருந்து வரும்போது அந்த மருந்தைப் பெரிய கேனாகவே வாங்கிவந்தாள். சின்ன பாட்டில் பத்துவதில்லையாம். பஸ்ஸிலிருந்து இறக்கி நான்தான் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நல்ல கனம்.