காலை ஊசி

அக்கா வளர்த்த பூனைக்கு மேனேஜர் என்று பெயர். அது ஒரு வேலையும் செய்யாது. ஆனால் வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் எதிரே வந்து உட்கார்ந்து, இதெல்லாம் ஒரு வேலையா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும். அக்கா கல்யாணம் முறிந்து தனியாக வீடு எடுத்த வருடம், மாடிப்படிக்கு அடியில் குட்டியாகக் கிடைத்தது. அதற்குப் பல வருடம் கழித்து வந்து சேர்ந்தவன் தம்பி. அவன் விற்பனையாளனாக இருந்த செருப்புக் கடையை இழுத்து மூடிவிட்டார்கள்.

"வேற வேலை கிடைக்கிற வரைக்கும் இங்கயே இருடா" என்றாள் அக்கா. கிடைக்கிற வரைக்கும் என்பது நீண்டுகொண்டே போனது.

அக்காவுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு மறுபக்கம் இழுக்க வேண்டும். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், சாயங்காலம் விரல் நுனியெல்லாம் சிவந்து திரும்பி வருவாள். தம்பி குப்பையைக் கொட்டுவான், காய்கறி வாங்கி வருவான். சாப்பிடும்போது தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்த மாட்டான். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கவும் மாட்டான். அக்கா ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேனேஜர் திடீரென்று தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தது. வைத்ததையெல்லாம் தின்றது, ஆனாலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோய் என்றார்.

"மனுஷங்களுக்கு வர்ற அதேதான். காலைல ஒரு இன்சுலின் ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. சாப்பாட்டை வச்சு, அது சாப்பிட ஆரம்பிச்சதும் போட்டுடணும். இப்போதைக்கு ஒரு யூனிட். காதோரத்துல லேசா குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்த மிஷின்ல பாருங்க. அந்த நம்பரைச் சொன்னா நான் மருந்தைக் கூட்டுறதா குறைக்கிறதான்னு சொல்றேன். மருந்து அதிகமாயிட்டா தள்ளாடும், எச்சில் வழியும். உடனே ஈறுல சர்க்கரைத் தண்ணி தடவி, தூக்கிட்டு ஓடி வந்துடணும்."

பிடரித் தோலை இரண்டு விரலால் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடியில் எப்படிக் குத்துவது என்று செய்து காட்டினார். அக்கா அங்கேயே கற்றுக்கொண்டாள். தம்பியும் தலையாட்டினான்.

"சாயங்காலம் நான். காலைல நீ. மேனேஜருக்கு இனிமே நீதான்டா பி.ஏ." என்றாள் அக்கா, சிரித்தபடி. இத்தனை மாதத்தில் அவள் அவனிடம் ஒப்படைத்த முதல் வேலை அது.

முதல் நாள் காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினான். பூனை வெடுக்கென்று திரும்பியது. அவன் கையை இழுத்துக்கொண்டான். மருந்து ரோமத்தில் ஈரமாக வழிந்தது. மறுநாள் ஊசி தோலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, அவன் விரலிலேயே ஏறியது. அதற்கடுத்த நாள் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மேனேஜர் சாப்பிட்டு முடித்து, வாயை நக்கிக்கொண்டு, அவனைத் தாண்டிப் போயிற்று. அவன் எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டு, மருந்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் பீய்ச்சினான்.

"போட்டியாடா?" என்று சாயங்காலம் அக்கா கேட்டாள்.

"போட்டேன்."

அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் சொல்வதாக இருந்தால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நேற்றுப் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் போனதும் சொல்ல வேண்டியது மலைபோல வளர்ந்துவிட்டது. ஒரு சின்ன ஊசி போடத் துப்பில்லாதவன் என்று அக்கா நினைத்துவிடுவாளே என்பதுதான் முதலில் பயம். பிறகு எது பயம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் குழாயைத் திறந்தான், மருந்தைத் தொட்டியில் பீய்ச்சினான்.

அக்கா வேலை முடிந்து வந்ததும் மேனேஜரை மடியில் இறுக்கிக்கொண்டு காதோரத்தில் குத்துவாள். மிஷினில் நம்பர் வரும்வரை இரண்டு பேரும் அதையே பார்ப்பார்கள்.

"நானூத்தி இருவது. என்னடா இது, குறையவே மாட்டேங்குதே."

விடுமுறை நாளில் நாள் முழுக்க இடைவெளி விட்டுவிட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த நாளிலும் தம்பி, "நீ தூங்குக்கா, காலை ஊசிய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் எழுவதற்குள் தொட்டியில் ஊற்றிவிட்டான். மத்தியானம் பார்த்தாலும் நம்பர் அதே உயரத்தில்தான் நின்றது. போனில் கேட்டுக்கொண்ட டாக்டர் மருந்தை இரண்டு யூனிட்டாக்கினார். அடுத்த விடுமுறையிலும் அப்படியே. மூன்றாக்கினார்.

மேனேஜரின் காதோரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காய்த்துப்போயிருந்தது. அக்கா தைலம் தடவிக்கொண்டே, "உங்கம்மா பாவம்டா, என்ன செய்வா" என்று பூனையிடம் சொல்வாள். தம்பி வாசல்பக்கம் போய் நின்றுகொள்வான்.

இந்த நேரத்தில்தான் மோட்டார் பைக் விற்கும் ஒரு கடையில் அவனைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வந்து வேலை செய்து காட்டச் சொன்னார்கள். காலையில் சீக்கிரமே போக வேண்டும்.

"நீ நிம்மதியா போயிட்டு வா. நான் ரெண்டு நாளும் ஷிப்டை மாத்திக்கிறேன். ஊசிய நானே போட்டுட்டுப் போறேன்" என்றாள் அக்கா.

அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்று யூனிட் என்றால் மூன்று யூனிட்தானே, டாக்டர் சொன்னதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது நாள் மத்தியானமே அவனை அனுப்பிவிட்டார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக் கதவைத் திறந்தான். மேனேஜர் வந்து பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் இருந்து வெளியே வர முயன்றுகொண்டிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் துணிபோல மடங்கின. தாடையில் எச்சில். கண்கள் அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்தன.

பார்த்த கணத்திலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. இதுவரை பாதி மருந்தில் இருந்த உடம்பில், இரண்டு நாளாக முழு மருந்தும் இறங்கியிருக்கிறது. ஒரு கிண்ணத்தில் சர்க்கரையைக் கரைத்து, ஈறில் தடவினான். துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் ஓடினான். துண்டுக்குள் அது ஒரு தடவை வெட்டி இழுத்தது. "ஐயா சாமி, செத்துடாதடா, செத்துடாதடா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினான். எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள்.

டாக்டர் கேள்வி எதுவும் கேட்காமல் காலில் ஊசி ஏற்றி, குளுக்கோஸை விட்டார். மிஷின் முப்பத்தெட்டு என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் தலையைத் தூக்கியது. பிறகு டாக்டரை முறைத்தது.

"மேனேஜர் வந்துட்டாரு" என்று சிரித்த டாக்டர், தம்பி பக்கம் திரும்பினார். "மூணு யூனிட்தானே போட்டீங்க? வேளை தவறாம?"

"ஆமா டாக்டர்."

"இத்தனை நாளும் காலை, சாயங்காலம் ரெண்டும் போட்டீங்க இல்ல?"

"ஆமா."

டாக்டர் யோசித்தார். "அப்படின்னா ஒண்ணு இருக்கு. சில பூனைங்களுக்கு ஒழுங்கா மருந்து போட்டுக்கிட்டே வந்தா, உள்ள இன்சுலின் சொந்தமா மறுபடி சுரக்க ஆரம்பிச்சிடும். நோயே விலகிடும். இத்தனை நாள் நானூறுல நின்னது திடீர்னு இவ்வளவு இறங்குதுன்னா அதுவா இருக்கலாம். ஊசியை நிறுத்திட்டு ஒரு வாரம் பாத்துடலாம்."

தம்பி போன் போட்டுச் சொல்லியிருந்ததால் அக்கா வேலை உடுப்புடனேயே ஓடி வந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் இவன்தான் டாக்டர். நான் வெறும் சாயங்காலம்தான். காலைல ஒரு நாள் விடாம இவன்தான் போட்டான். லீவு நாள்லகூட என்னை எழுப்ப மாட்டான்."

அவள் கை சூடாக, சொரசொரவென்று இருந்தது. ஊசியை நிறுத்தினால் பூனை செத்துப்போகும். வாயைத் திறந்தால் இந்தக் கை விலகிப்போகும். கையை அவனே விடுவித்துக்கொண்டான்.

"அதுக்கு ஒண்ணும் சரியாகல டாக்டர். நிறுத்திடாதீங்க."

"என்ன சொல்றீங்க?"

"காலை ஊசி நான் போடல."

"எந்தெந்த நாள் விட்டுப்போச்சு?"

"ஒரு நாளும் போடல. மொத ரெண்டு நாள் முயற்சி பண்ணினேன், வரல. அப்புறம் போடவே இல்ல. முந்தாநாள் வரைக்கும்."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. மேனேஜரின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு அந்த அறையின் தரையில் ஒட்டிக்கிடந்த ரோமங்கள்வரை ஒவ்வொன்றும் தெரிந்தன.

"நிறுத்தியிருந்தா ரொம்ப மோசமாயிருக்கும்" என்றார் டாக்டர் கடைசியில். குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "இத்தனை நாள் நம்பரும் கணக்குல வராது. மறுபடி ஒரு யூனிட்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இங்க இருக்கட்டும். நீங்க நாளைக்குக் காலைல இங்க வந்து என் முன்னாடி போடுங்க. ரோமத்துல சிந்திடுச்சான்னு சந்தேகம் வந்தா மோந்து பாருங்க, மருந்து வாசனை தெரியும்."

வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டபிறகுதான் அக்கா கேட்டாள்.

"மருந்தை எங்கடா ஊத்துன?"

"தொட்டில."

"தினமுமா?"

"தினமும்."

அவள் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். "நடுவுல ஒரு நாள் எனக்குச் சந்தேகம் வந்துச்சு தெரியுமா? பிரிட்ஜைத் திறந்து மருந்து குறையுதான்னு பாத்தேன். சரியா குறைஞ்சிருந்துச்சு. கூடப்பொறந்தவனைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனேன்னு அன்னிக்கு முழுக்க எனக்கு அவமானமா இருந்துச்சுடா. உன் மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு."

அவனுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவள் அவனுக்குப் புது சாக்ஸ் வாங்கி வந்திருந்தாள், காரணம் எதுவும் சொல்லாமல்.

"அக்கா, நான்..."

"போய்ப் படு. இன்னிக்கு எதுவும் பேசாத."

மறுநாள் டாக்டரின் முன்னால் அவன் ஊசி போட்டான். தோலைத் தூக்கினான், குத்தினான், அழுத்தினான். மேனேஜர் தட்டிலிருந்து வாயை எடுக்கவே இல்லை. "அவ்வளவுதான்" என்றார் டாக்டர். இதற்கா இவ்வளவும் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. நேற்று அக்கா முன்னால் சொன்னபோது இருந்ததைவிடக் கூடுதலாக.

பைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கிளம்புவதற்கு முன் காலை ஊசியைப் போட்டுவிட்டுப் போனான். நம்பர் மெல்ல மெல்ல இறங்கி, இரண்டு யூனிட்டில் ஒரு நிலைக்கு வந்து நின்றது. அக்கா பழையபடி பேசினாள், சிரித்தாள். ஆனால் "போட்டியாடா?" என்று மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதில், வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேனேஜரிடம் போய்க் குனிந்து, பிடரியில் மூக்கை வைப்பாள்.

ஒருநாள் அப்படிக் குனிந்திருந்தபோது அவன் அறையிலிருந்து வந்துவிட்டான். அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"சும்மா கொஞ்சினேன்டா" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

"பரவால்லக்கா" என்று மேனேஜரைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான். "நல்லா மோந்து பாரு."

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு குனிந்து நன்றாகவே முகர்ந்து பார்த்தாள்.