காது மிசின் மாப்பிள்ளை

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. முழுசாகக் கிடைக்கவில்லை, ஒரே ஒரு வாக்கியம்தான். கீரனூரிலிருந்து திருச்சிக்கு தினம் வேலைக்குப் போய் வருகிறவன் நான். போன சித்திரையில் ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது முன் ஸீட்டில் செட்டிமார் வீட்டு ஆச்சிமார் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சொன்னார்:

“மாப்பிள்ளைக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்ச பெறகுதான் பொண்ணு சரின்னுச்சு.”

மற்றவர் “அப்படியா” என்றார். அதற்குள் கீரனூர் வந்துவிட்டது. அவர்கள் புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள். கூடவே போயிருந்தால் மீதியும் கிடைத்திருக்கும். வீட்டில் மனைவி அமராவதி காத்திருப்பாளே என்று இறங்கித் தொலைத்தேன்.

இன்னொன்றும் அதே பஸ்ஸில்தான் கிடைத்தது, வேறொரு நாளில். ஒரு இளைஞன் நீளமான பெட்டியை மடியில் வைத்திருந்தான். வீணையா தம்பி என்று கேட்டேன். “இல்லைங்க, பேஸ் கித்தாரு. சிங்கப்பூர்ல வாங்குனது. கரண்டுல வாசிக்கிறது” என்றான். வீட்டில் சத்தமாக இருக்காதா என்றேன். “ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாசிப்பேங்க. எனக்கு மட்டுந்தான் கேக்கும்.”

அந்தப் பையனுக்கும் அந்த ஆச்சிமாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது நான்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். கதைக்காரன் வீட்டில் அந்த ஆயிரமும் எப்போதும் கையிருப்பில் இருக்கும். ஆகவே தரகு வேலையில் இறங்கினேன். பையனுக்கு ஆதப்பன் என்றும் பெண்ணுக்குச் சீதை என்றும் பேர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: “திருமயத்துக்குப் பக்கத்தில், கோட்டை தெரிகிற தூரத்தில், ஒரு பெரிய வீடு. அதன் தூண்கள் ஒவ்வொன்றும்...”

அடித்துவிட்டேன். செட்டிமார் வீடு என்றதும் எல்லோரும் ஓடிப்போய்த் தூணைக் கட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: “ஆதப்பனின் விரல்கள் கம்பிகளின் மேல்...”

இதையும் அடித்தேன். விரல்கள் கம்பிகளின் மேல் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது நிற்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து வீடே படுத்திருக்கும் நேரம். பங்காளிகள் பல குடும்பமாக இருக்கும் வீடு அது. ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஓர் அடுப்பு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கட்டும் என்று சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆதப்பன், தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கதவை அடைத்தால் புழுக்கம் தாங்காது. மடியில் பேஸ் கித்தார். பக்கத்தில் கரண்டுப் பெட்டி. பெட்டிக்குள் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, பழைய ராணுவச் சாமான் சந்தையில் வாங்கிய ஹெட்போனில் சேர்த்திருக்கிறான். இது அவன் ஆத்தா தெய்வானை ஆச்சி போட்ட நிபந்தனை.

“நீ என்னத்தையும் வாசி. சத்தம் மட்டும் வெளியில வரப்படாது. வந்துச்சுன்னா பங்காளிங்க நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க.”

(ஹெட்போனுக்குத் தமிழ் என்ன என்று அன்னவாசலில் தமிழாசிரியராக இருக்கும் என் சிநேகிதர் ஆத்மநாதனைக் கேட்டேன். ‘செவிப்பூண்’ என்றார். செவிப்பூண் அணிந்து அமர்ந்திருந்தான் என்று எழுதினால் நீங்கள் அவனைக் கோயில் சிலை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஹெட்போனே இருக்கட்டும்.)

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அங்கே சங்கீதமே கிடையாது. கம்பி தட்டுப்படும் ‘டொக், டொக்’ மட்டும், யாரோ பாக்கு வெட்டுகிற மாதிரி. சிங்கப்பூரில் சனிக்கிழமை தோறும் அவனோடு சேர்ந்து வாசித்தவர்கள் இருந்தார்கள். பாட ஒருத்தன், டிரம்முக்கு ஒருத்தன், சின்னக் கித்தாருக்கு இரண்டு பேர். இங்கே யாரும் இல்லை. பேஸ் என்பது தனியாகக் கேட்டால் பாட்டாகவே தெரியாத வாத்தியம். மற்றவர்கள் நடக்கப் பாய் விரிக்கிற வேலை அது. அதனால் ஆதப்பன் தன் பங்கை வாசித்துவிட்டு, பாடுகிறவன் வரி முடியட்டும் என்று கண்ணை மூடிச் சும்மா இருப்பான். தலை மட்டும் ஆடும். பிறகு வாசிப்பான். அவன் பயிற்சியில் பாதி வாசிப்பு, பாதி பொறுத்திருப்பது.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதில் கதை இல்லை. சந்தோஷமாக ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

3

கதை ஒரு சொல்லில் தொடங்குகிறது.

அந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவரின் மனைவி சிகப்பி ஆச்சி. ஆதப்பனுக்குப் பெரியாத்தா முறை. மதுரையில் இருப்பவர், இங்கே நல்லது கெட்டதுக்கு மட்டும் வருவார். அப்படி வந்த அன்று மதியம் முற்றத்துக்கு இங்கிட்டு நின்றுகொண்டு, “ஆதப்பா, எப்ப வந்தே?” என்று கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. “ஏப்பா ஆதப்பா!” அவன் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

சிகப்பி ஆச்சி உள்ளே போய், அரைத் தூக்கத்தில் இருந்த தெய்வானை ஆச்சியை உசுப்பினார்.

“என்ன தெய்வானை, ஆதப்பன் தலையில என்னமோ மாட்டியிருக்கான்?”

“அதுவா, காது மிசினு” என்று சொல்லிவிட்டுத் தெய்வானை ஆச்சி மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

காது மிசின் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே பொருள்தான். காது மந்தமான பெரிய மனிதர்கள் சட்டைப் பையில் பெட்டியும் காதில் ஒயருமாக வருவார்களே, அது. அவர்களுக்குச் சின்னப் பெட்டி, பாவம் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்று சிகப்பி ஆச்சிக்கு நெஞ்சு இளகிவிட்டது. மறுநாளே கிளம்பித் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கே தம்பி மகள் சீதை கல்யாணத்துக்கு இருக்கிறாள்.

“தங்கமான பையன். சொந்தத் தொழில். காதுதான் சுத்தமாக் கேக்காது” என்றார்.

4

இங்கே ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

பஸ்ஸில் கேட்ட வாக்கியத்தை மறுபடி பாருங்கள். தெரிஞ்ச பெறகு*தான்* சரின்னுச்சு. எதற்காக ஒரு பெண் அப்படிச் சொல்வாள்? முதலில் ‘சீதை கருணையே உருவானவள்’ என்று எழுதி அமராவதியிடம் காட்டினேன். என் கதைகளுக்கெல்லாம் முதல் வாசகி அவள்தான்.

“தியாகம் பண்ற பொம்பளைய எழுதி எழுதி உங்களுக்குக் கை வலிக்கலையா?” என்றாள்.

கோபம் வந்தது. நீயே சொல்லேன் என்று தாளை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“கேக்காதவன்ட்ட என்ன வேணாலும் பேசலாம்ல” என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்குத்தான் சீதை எனக்குக் கிடைத்தாள். சீதைக்குப் பேச்சுத் திக்கும். சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். நின்ற இடத்தில் யாராவது வந்து மீதியைச் சொல்லிவிடுவார்கள். அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பா, ஆத்தா, அண்ணன், வேலைக்கு வரும் ராக்காயி, எல்லோருமே. நல்ல மனசோடு செய்வதுதான். அவள் ‘த... த...’ என்றால் தண்ணீர் வந்துவிடும். அவள் கேட்டது தலையணை. வந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலைக்குக் கையை வைத்துப் படுத்துக்கொள்வாள். ‘இல்லை’ என்று தொடங்கினால் அதையும் யாராவது முடித்துவிடுவார்களே. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும். அவள் அழுவது எதற்காக என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

காது கேட்காத ஒருவன் தன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்க மாட்டான். சீதை நினைத்தது இவ்வளவுதான். அப்பச்சி கேட்டபோது, “ச... ச...” என்றாள். “சரிங்கிறா” என்றார் ஆத்தா. அபூர்வமாக அன்றைக்கு அது சரியாக இருந்தது.

பெண் வீட்டார் மரியாதை தெரிந்தவர்கள், பையனின் குறையை அவன் ஆத்தாவிடம் சொல்லிக்காட்டவில்லை. “பொண்ணு அதிகம் பேசாது” என்றார்கள். ரொம்ப அடக்கம் போல என்று தெய்வானை ஆச்சி பூரித்துப்போனார்.

5

முடிவு ஒன்று எழுதினேன். முகூர்த்தம். மேளம் முழங்குகிறது. ஒரு குழந்தை பின்னால் கூப்பிட, மாப்பிள்ளை சட்டென்று திரும்புகிறான். தாலி ஏறிய கழுத்தோடு சீதை அதைப் பார்க்கிறாள், பார்த்து...

“பாத்து? அதுக்குப் பெறகு அவ எங்கிட்டுப் போவா?” என்றாள் அமராவதி. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. ஆதப்பனுக்கு விஷயம் தெரிகிறது. அவள் பேசட்டுமே என்பதற்காக, ஆயுள் முழுக்கச் செவிடனாக நடிப்பது என்று முடிவு செய்கிறான். இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஆயுசுக்கும் ஒட்டுக்கேக்குறதுக்குப் பேரு அன்பா?”

அவள் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

“ஏங்க, இன்னொன்னு. எல்லாரும் அவ பேச்சைப் பிடுங்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அவளை எங்கயாச்சும் ஒரு வார்த்தை முழுசாப் பேச விட்டிருக்கீங்களா?”

புரட்டிப் பார்த்தேன். ‘சீதை நினைத்தது இவ்வளவுதான்’ என்று நானே எழுதியிருந்தேன். நினைத்தது இவ்வளவுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

6

ஆகவே உண்மை தாலிக்கு முன்னால், அவள் கேட்கும்படியாக வெளிவரட்டும். பதிலும் அவள் வாயாலேயே வரட்டும்.

ஆதப்பன் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. உறவெல்லாம் வருகிறது. சிகப்பி ஆச்சி தம்பி மகளையும் இழுத்து வந்துவிட்டார். (கல்யாணம் பேசியிருக்கும் பெண் அந்த வீட்டுக்கு வருவாளா என்று கேட்காதீர்கள். அத்தை உரிமை என்று ஒன்று உண்டு.) பந்தி முடிந்து எல்லோரும் படுத்தாயிற்று. ஆதப்பன் அன்றைக்கும் விடவில்லை. கதவு திறந்திருக்கிறது, ஹெட்போன் தலையில், கண் மூடியிருக்கிறது.

சீதை வந்து வாசற்படியில் நின்றாள். அவள் கண்ணுக்கு அது காது மிசின். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேசினாள்.

“எ... எம் பேரு சீ... சீ... சீதை.”

ஆதப்பன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“நா... நான் பேசுனா நே... நேரமாகும். எல்லாரும் அ... அ... அவசரப்படுவாங்க. நீ... நீங்க இடையில வ... வர மாட்டீங்க. அ... அதுக்காகத்தான் ச... சரின்னேன். உ... உங்களைப் பி... பிடிச்சு இல்ல. இ... இப்பப் பா... பாத்தா...”

மேலே சொல்லாமல் சிரித்தாள். முற்றுப்புள்ளி வரைக்கும் தானாகவே போய்ச் சேர்வது அவளுக்குப் புதுசு. மூச்சு வாங்கியது, ஓடி வந்தவள் மாதிரி.

நிழல் தட்டி ஆதப்பன் கண் திறந்தான். ஒரு பெண் நிற்கிறாள். பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றினான்.

“மன்னிச்சுக்கங்க. கேக்கலை.”

கேக்கலைதான், தெரியும் என்பதுபோல் சீதை தலையசைத்தாள். அப்போது முற்றத்துக்கு அங்கிட்டிருந்து, “சீதே” என்று சிகப்பி ஆச்சி தணிந்த குரலில் கூப்பிட்டார். அவளுக்கு முந்தி அவன் திரும்பினான்.

சீதையின் முகம் வெளுத்துப்போனது. அவன் திரும்பியதைச் சிகப்பி ஆச்சியும் பார்த்துவிட்டார். வேகமாக வந்தார்.

“ஒனக்குக் காது கேக்குதாப்பா?”

“நல்லாக் கேக்குமே பெரியாத்தா.”

“அப்ப இந்தக் காது மிசினு?”

“இதுவா? இது வாசிக்கிறது எனக்கு மட்டும் கேக்குறதுக்கு. ஆத்தாதான் சத்தம் வரப்படாதுன்னாங்க.”

சிகப்பி ஆச்சி அப்படியே படியில் உட்கார்ந்தார். “கேக்காதுன்னு நெனைச்சுத்தானப்பா இவ சரின்னா. இவளுக்குப் பேச்சு...” என்று கையை விரித்தார்.

ஆதப்பன் சீதையைப் பார்த்தான். அவள் ஓடிவிடவில்லை. படியிலேயே நின்றாள், கண்ணில் தண்ணீரும் கோபமுமாக. அவன் கித்தாரை மடியிலிருந்து இறக்கிப் பாயில் வைத்தான்.

“அப்ப அந்தச் சரி செல்லாது பெரியாத்தா” என்றான். “எனக்குக் காது கேக்கும்னு இப்ப இவங்களுக்குத் தெரியும். இப்பச் சொல்லட்டும். வேண்டாம்னு சொன்னாலும் நான் யாருட்டயும் மூச்சு விட மாட்டேன். ஆத்தாட்ட நான் வேண்டாம்னதாச் சொல்லிக்கிறேன்.”

“அவளுக்கென்னப்பா, பூரண சம்ம...”

“பெரியாத்தா. அவங்க சொல்லட்டும்.”

சிகப்பி ஆச்சி வாயை மூடிக்கொண்டார். சீதை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

“நா...” என்றாள். “நா... நா...”

7

நான் சம்மதிக்கிறேன். நான் வரலை. நாளைக்குச் சொல்றேன். நாக்கு நுனியில் எனக்கு எல்லாம் தயாராக இருக்கிறது. இதில் எது வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். தரகனுக்குக் கல்யாணம் நடந்தாக வேண்டும், அவளை எனக்கு ரொம்பப் பிடித்தும் போயிற்று. அவளும் அதைத்தான் சொல்ல வருகிறாள் என்று சத்தியம் செய்வேன். தண்ணீர் கொண்டுவந்தவர்களும் செய்திருப்பார்கள்.

உங்களுக்கும் ஒரு சொல் இருக்கும், வாசகரே. முந்தின வரியைப் படிக்கும்போதே மனசுக்குள் சொல்லியும் இருப்பீர்கள். நல்ல மனசோடுதான். அதைக் கொஞ்சம் வாய்க்குள்ளேயே வைத்திருங்கள். ஆதப்பன் அவசரப்படவில்லை. சிகப்பி ஆச்சிகூட முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குத்தான் கை நிற்கவில்லை. பேனாவை மசியில் தோய்த்துத் தாளில் வைக்கப் போனேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த அமராவதி என் கையைப் பிடித்தாள்.

“இருங்க” என்றாள். “அவ இன்னும் சொல்லி முடிக்கலை.”